விடைத்தாளும் மாவட்டமும்: பரீட்சைப் புள்ளியிடலின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இறையனார் அகப்பொருளுரையின் தொடக்கத்தில் வரும் கதையைத் தமிழ் பயின்றோர் அறிவர். சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் அந்நூலுக்குத் தனித்தனியே உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்பதில் அவர்களிடையே உடன்பாடு ஏற்படவில்லை. தீர்ப்புக் கூறவல்ல காரணிகன் ஒருவனைத் தரும்படி அரசனை வேண்டினர். ஈற்றில் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைச் சிறுவன் ஆசனத்தில் இருத்தப்பட்டான். பலருடைய உரைகளையும் அவன் அசைவின்றிக் கேட்டிருந்தான். மருதன் இளநாகனாரின் உரைக்குச் சில இடங்களிலும் நக்கீரரின் உரைக்குத் தொடர்ந்தும் கண்ணீர் சொரிந்தான். நக்கீரர் உரை மெய்யுரையாயிற்று.

இது புனைவே. எனினும் புனைவுகளும் தம்மை ஈன்ற சமுதாயத்தின் சிக்கல்களைச் சுமந்தே வருகின்றன. எழுதுபவனின் தரத்தை எழுதுபவனே தீர்மானிக்கவியலாது. தீர்மானிப்பவன் எப்பக்கத்தையும் சாராதவனாயிருத்தல் வேண்டும். அத்தகையவனை மனிதரிடையே தேடினாற் கிடைப்பதரிது. ஆகவேதான் கதை சொன்னவர்கள் வாய்பேசாச் சிறுவனை நாடினர். சொத்தும் சுற்றமும் குருகுலமும் இல்லாதவனுக்குச் சார்பும் இராது என்பது அவர்களது கருத்தாதல் வேண்டும். இன்றைய பல்கலைக்கழகங்களும் பரீட்சைத் திணைக்களமும் தேடிக்கொண்டிருப்பது அந்த உருத்திரசன்மனையே எனலாம். பெயருக்குப் பதிலாகச் சுட்டெண், புள்ளியிடும் திட்டம், இரண்டாம் பரீட்சகர், ஈற்றில் புள்ளிவிபரவியற் சூத்திரம் என அவன் பல வடிவங்களில் மீண்டும் மீண்டும் ஆசனத்தில் இருத்தப்பட்டுள்ளான். இலங்கையில் அம்முயற்சிகளுக்கு நேர்ந்ததென்ன என்பதை, மாத்தளை மாவட்டத்தைச் சிறப்பாக முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்துப் பரீட்சையை வரலாற்றில் முதன்முதல் அரச நிறுவனமாக வளர்த்தெடுத்தவர் சீனரே. சொங் வமிசக் காலத்தில் விடைத்தாளிற் பெயர் மறைக்கப்பட்டதோடு, கையெழுத்தைக் கொண்டு எழுதியவனை இனங்காணாதபடி எழுதுவினைஞரைக் கொண்டு விடைகள் முழுவதும் பிரதி செய்யப்பட்டே பரீட்சகரிடம் கொடுக்கப்பட்டன. பிரித்தானியர் தமது இந்திய நிர்வாகச் சேவைக்குப் போட்டிப் பரீட்சையை ஏற்றது 1850களில். இலங்கையில் 1880கள் தொட்டுக் கேம்பிரிட்ஜ், லண்டன் பரீட்சைகள் நடைபெற்றன. 1921இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவரும் லண்டன் பட்டத்துக்கே பரீட்சை எழுதினர். விடைகள் கப்பலேறிச் சென்றன. முடிவுகள் கப்பலேறி வந்தன. கடல்கடந்திருந்த பரீட்சகரை எவரும் கண்டதில்லை. காணாமையே அவரது நடுநிலைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

பரீட்சையை ஆளும் வர்க்கத்தின் ஆயுதம் என ஒரே சொல்லிற் கூறி முடித்துவிடும் நண்பர்கள் நம்மிடையே உளர். மார்க்ஸ் 1843இல் ஹெகலின் அரசியற் கோட்பாட்டை விமர்சித்தபோது பரீட்சையை அதிகார வர்க்கம் அறிவுக்குச் செய்யும் ஞானஸ்நானமாகக் கண்டு எள்ளியது உண்மையே. ஆயினும் துரையின் சீட்டும் முதலியாரின் சிபாரிசும் தொழில்களைப் பங்கிட்ட நாட்டில், முகம் தெரியாத ஒருவர் திருத்தும் விடைத்தாள் முன்னேற்றமான ஒன்றாகவே இருந்தது. நேர்முகத் தேர்விலே தோல்வியுற்ற ஏழை ஒருவனுக்கு மேன்முறையீடு செய்யவும் காகிதம் இல்லை. பரீட்சையின் முற்போக்கான அம்சத்தையும் அதன் முரண்பாட்டையும் ஒருங்கே நோக்குவதே வரலாற்று நோக்காகும்.

அம்முரண்பாட்டை முதலில் எண்களால் வெளிப்படுத்தியோர் முதலாளித்துவ அறிஞரே என்பது குறிப்பிடத்தக்கது. 1888இல் எட்ஜ்வேத் என்னும் பொருளியலாளர் பரீட்சைப் புள்ளிகளில் தற்செயல் வகிக்கும் பங்கைக் கணித்துக் காட்டினார். 1935இல் ஹாட்டொக், ரோட்ஸ் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. ஒரே நடுத்தரப் புள்ளியைப் பெற்றிருந்த பதினைந்து வரலாற்று விடைத்தாள்களைப் பதினைந்து பரீட்சகர் தனித்தனியே திருத்தினர். 96க்கு 21 முதல் 70 வரை நாற்பதுக்கு மேற்பட்ட வெவ்வேறு புள்ளிகள் வழங்கப்பட்டன. ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின்பின் அவர்களுள் பதினால்வர் அதே விடைத்தாள்களை மீண்டும் திருத்தினர். 210 தீர்ப்புகளுள் 92 மாறிவிட்டன: முன்னர் சித்தியெய்தியவன் தோற்றான், தோற்றவன் திறமைச் சித்தி பெற்றான். பரீட்சகர் மற்றொருவரோடு முரண்படுவது வியப்பன்று. தம்மோடு தாமே முரண்பட்டனர்.

எனது அனுபவமொன்றை இவ்விடத்துக் குறிப்பிடலாம். சில ஆண்டுகளின் முன்னர், ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பாட விடைத்தாள்களை முதற் பரீட்சகனாகத் திருத்தினேன். மலையக நாவல்கள் பற்றிய வினாவுக்கு ஒரு மாணவர் எழுதிய விடையில் பெரட்டு, கைக்காசு, அரைப்பேர் ஆகிய சொற்கள் விளக்கமேதுமின்றி வந்திருந்தன. வாதம் தெளிவானது, வாக்கியங்கள் சில இடங்களில் பேச்சுவழக்கின் போக்கிற் சென்றன. நான் 64 புள்ளி வழங்கினேன். இரண்டாம் பரீட்சகர் 46 வழங்கியிருந்தார். அவர் அரைப்பேர் என்பதை அடிக்கோடிட்டு, ஓரத்தில் ‘பெயர்’ எனத் திருத்தியிருந்தார். தோட்டத்திலே நாளொன்றுக்கு நிர்ணயிக்கப்பட்ட நிறைக்குக் குறைவாகக் கொழுந்து பறித்தவருக்குப் பாதி நாட்சம்பளம் மட்டும் பதியப்படுவதே அரைப்பேர். திருத்தத்திற்குப் பின்னர் அவ்வாக்கியத்துக்குப் பொருளே இல்லாமற் போயிற்று.

மூன்றாமவர் 55 வழங்கி விடயத்தை முடித்துவைத்தார். விதிகளின்படி எல்லாம் முறையாகவே நடந்தன. ஆனால் 55 என்பது எதன் அளவு? மூவருள் எவரும் அவ்விடை அத்தகுதியுடையது என முதலில் எண்ணியதாகக் கூறவியலாது. இரு சமூக அனுபவங்களுக்கிடையே செய்துகொள்ளப்பட்ட சமரசம் அது. எனது 64உம் தூயதன்று. ரத்தோட்டைப் பக்கத்துப் பேச்சு என் காதுக்குப் பழக்கமானது. அப்பழக்கமும் அந்தப் புள்ளியில் அடங்கியிருந்தது. சுட்டெண் பெயரை மறைக்கும், மொழியை மறைக்காது.

இக்கருத்தை மனங்கொண்டே நமது உயர்கல்வி வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1942இல் ஐவர் ஜெனிங்ஸை முதல் உபவேந்தராகக் கொண்டு தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இற் பேராதனைக்குப் பெயர்ந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அங்கு எழுதியோரும் திருத்தியோரும் ஏறத்தாழ ஒரே வகையான ஆங்கிலக் கல்லூரிகளின் வார்ப்புகளே. நல்ல கட்டுரை எது என்பதில் அவர்களிடையே பெரும் பிணக்கு இருந்ததில்லை. அந்த உடன்பாட்டையே பலர் உயர்தரம் எனக் கொண்டனர். அதன் அடித்தளத்தில் வர்க்க ஒருமைப்பாடு இருந்ததை எண்ணிப் பார்த்தோர் சிலரே. 1960 அளவிற் கலைத்துறைகளில் சுயபாஷைகள் போதனாமொழிகளாயின. அந்தச் சிறிய உலகம் உடைந்தது. கிராமத்துப் பிள்ளைகள் முதன்முறையாகப் பெருந்தொகையினராகப் பேராதனைக்கு வந்தனர். அதேவேளை பரீட்சகர் குழாமும் இரண்டாகப் பிரிந்தது. ஒரே வினாத்தாள், இரு மொழிகள், ஒருவர் திருத்தியதை மற்றவர் வாசிக்கவியலாத நிலை. பெயர் மறைந்திருப்பினும் எழுதியவரின் இனம் விடைத்தாளின் முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

1970ஆம் ஆண்டுப் பூசலுக்கான களம் இதுவே. பொறியியல், மருத்துவபீட அனுமதியில் தமிழ்மூல மாணவரின் தொகை மிகையானது எனவும், தமிழ்ப் பரீட்சகர் தம்மவருக்குப் புள்ளிகளை அள்ளி வழங்கினர் எனவும் குற்றச்சாட்டு எழுந்தது. அது நிறுவப்படவில்லை. ஆயினும் நிறுவப்படாத குற்றச்சாட்டுக்கு நிறுவப்பட்ட தண்டனை வழங்கப்பட்டது. புதிய அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்களமூல மாணவருக்கு 229, தமிழ்மூல மாணவருக்கு 250 என வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் விதிக்கப்பட்டன. பேராதனைப் பொறியியற்பீடத்துக்கு 227உம் 250உம். மொத்தம் 400 புள்ளிகள். இங்கு விடைத்தாளை எவரும் மீண்டும் திருத்தவில்லை. அதிலிருந்த எண்ணின் பெறுமதி மட்டுமே மாற்றப்பட்டது.

1973இற் புகுத்தப்பட்ட மொழிவாரித் தரப்படுத்தல் இதே செயலை விஞ்ஞான ஆடையுடுத்திச் செய்தது. அதன் பொறிமுறையை எளிய உதாரணமொன்றால் விளக்கலாம். ஒரு பாடத்தில் தமிழ்மூலப் பரீட்சார்த்திகளின் சராசரி 50, சிங்களமூலப் பரீட்சார்த்திகளின் சராசரி 42 எனவும், இரு தொகுதியிலும் புள்ளிகளின் பரம்பல் ஒத்தது எனவும் கொள்வோம். தமிழில் 60 பெற்றவரும் சிங்களத்தில் 52 பெற்றவரும் தத்தம் சராசரியிலிருந்து 10 மேலே நிற்கின்றனர். ஆகவே இருவரும் சமமானவர் எனக் கொள்ளப்படுவர். கணக்கிற் பிழையில்லை. கணக்குக்கு முன்னரே செய்யப்பட்ட எடுகோளிலேதான் அரசியல் உறைந்திருக்கிறது: இரு மொழித் தொகுதிகளின் ஆற்றலும் சமம், வேறுபாடு காணப்படின் அது பரீட்சகரின் செயல் என்பதே அவ்வெடுகோள். நல்ல ஆய்வுகூடமும் ஆசிரியரும் எங்கிருந்தன, எங்கிருக்கவில்லை என்னும் வினாவை அது எழாமலே செய்துவிட்டது.

இங்கே அரசியற் பொருளாதாரம் பயின்றவர்க்குப் பழக்கமான ஒரு தோற்றம் தென்படும். பண்டத்தின் மதிப்பு அப்பண்டத்தினுள்ளேயே குடியிருப்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் அது மற்றப் பண்டங்களோடு கொள்ளும் உறவிலேயே வெளிப்படுகிறது. புள்ளியும் அத்தகையதே. 60 என்னும் எண் மாணவனின் மூளையிலிருந்து அளந்தெடுக்கப்பட்ட ஒன்றாக நமக்குத் தோன்றுகிறது. அது பல்கலைக்கழக இடமாக மாறவேண்டிய தருணத்திலேதான் எவருடைய புள்ளிகளோடு ஒப்பிட்டு அது நிறுக்கப்படுகிறது என்னும் வினா எழுகிறது.

மொழிவாரித் தரப்படுத்தல் இனப் பாகுபாடே என்பதில் எனக்கு ஐயமில்லை. 1974இல் அதனோடு சேர்க்கப்பட்ட மாவட்டப் பங்கீட்டை அவ்வாறு ஒரே மூச்சிற் கூறிவிட முடியாது. இடங்களை மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பகிர்வதே அதன் அடிப்படை. இரண்டும் சேர்ந்து வடபகுதிக்குப் பேரிடியாயின: விஞ்ஞானத்துறைகளில் தமிழரின் பங்கு 1970இல் 35.3 சதவீதமாகவும் 1974இல் 20.9 சதவீதமாகவும் 1975இல் 19 சதவீதமாகவும் இருந்தது. தமிழ் இளைஞர் அரசியலின் திசை இக்காலத்திலேதான் மாறியது. ஆயினும் முன்னர் விஞ்ஞானபீடங்களை எட்டிய தமிழ் மாணவருட் பெரும்பாலார் யாழ்ப்பாணத்தினதும் கொழும்பினதும் பெருங்கல்லூரிகளிலிருந்து வந்தோரே; மன்னாரும் வவுனியாவும் மட்டக்களப்பும் மாவட்டப் பங்கீட்டாலேயே சில இடங்களைக் கண்டன. யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் தனது இழப்பைத் தமிழினம் முழுமையினதும் இழப்பாக மட்டுமே எழுதிச் சென்றது. அவ்வெழுத்தில் வன்னியும் இல்லை, மலையகமும் இல்லை.

1971 ஏப்ரல் கிளர்ச்சியையும் மறந்துவிடலாகாது. சுயபாஷையிற் கற்று வேலையின்றி நின்ற சிங்களக் கிராமப்புற இளைஞரின் கோபத்துக்கு அரசு ஏதேனும் விடை கூறவேண்டியிருந்தது. இடங்களைப் பெருக்கவும் கிராமப் பாடசாலைகளுக்கு ஆய்வுகூடம் கட்டவும் பணமும் காலமும் வேண்டும். புள்ளிகளை மாற்றியமைக்கச் சுற்றறிக்கை ஒன்று போதும்.

1976இல் 70 சதவீதம் புள்ளியடிப்படையிலும் 30 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் எனத் திட்டம் திருத்தப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியதையடுத்து மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. 1979இல் திறமைக்கு 30, மாவட்டச் சனத்தொகைக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 என வகுக்கப்பட்டது. விகிதங்கள் பின்னரும் மாறின. திறமை 40, மாவட்டம் 55, பின்தங்கிய மாவட்டம் 5 என்னும் அமைப்பு நீண்டகாலமாக நிலைத்தது.

புள்ளிவிபரவியற் சூத்திரம் 2001இல் வேறொரு வடிவில் மீண்டது. பேராதனைப் பேராசிரியர் தட்டில் முன்மொழிந்த இசட் புள்ளிமுறை, கடினமான பாடத்தையும் எளிய பாடத்தையும் எடுத்தவர்களை ஒப்பிடும்பொருட்டு அமைந்தது. மொழிகளைப் பிரிக்காமற் பாடத்துக்குப் பாடம் கணிப்பதால் 1973இன் பழி இதற்கில்லை. ஆனால் உள்ளிருக்கும் எண்கணிதம் ஒன்றே: சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்பதே வினா. எவருடைய சராசரி என்னும் பழைய வினா 2011இல் எழுந்தது. அவ்வாண்டு பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் தோற்றியோர் ஒரே தொகுதியாகக் கொள்ளப்பட்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012 யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்தது. இரு தொகுதிகளும் வேறாகக் கணிக்கப்பட்டன. விடைத்தாள்களில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆயினும் நாடெங்கும் மாணவரின் வரிசை மாறிற்று.

இனி மாத்தளைக்கு வருவோம். ஆலுவிகாரையிலே திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட மண் இது. 1848இற் புரன் அப்புவின் கிளர்ச்சி நிகழ்ந்த மண்ணும் இதுவே. 1880இல் இங்கு வந்த புகையிரதப் பாதை, கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் இறப்பருக்குமாக வந்தது. அதே பாதையில் மாத்தளையிலிருந்து புறப்படும் வண்டி, கண்டியைக் கடந்து பல்கலைக்கழக வளவை ஒட்டிய சரசவி உயன நிலையத்தை அடைகிறது. தூரம் நாற்பது கிலோமீற்றருக்கும் குறைவு. இவ்வளவு அருகிலிருந்தும் ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைத் தோட்டங்களிலிருந்து அவ்வண்டியில் மாணவராகப் பயணம் செய்தோர் மிகச் சிலராக இருந்தமைக்குக் காரணம் யாது?

1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. அதுவும் ஆறு வயது முதல் பத்து வயது வரைக்கும் மட்டுமே. அதன்பின் மலை காத்திருந்தது. 1945இன் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறையில் தோட்டங்களை எட்டவில்லை. 1960இலும் 1961இலும் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாயினபோது தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பெற்றோரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அடுத்த ஆண்டு எந்நாட்டில் இருப்போம் என அறியாத லயத்திலே பத்தாண்டு கழித்து எழுதவேண்டிய உயர்தரப் பரீட்சையைப் பற்றிப் பேசுவோர் யார்? அரசு தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலேதான்.

மாவட்டப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது இச்சூழலிலேயே. பங்கீட்டுக்கு அடிப்படை மாவட்டத்தின் சனத்தொகை. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளையில் வாழ்ந்தோர் மூன்றரை இலட்சத்துக்குச் சற்று அதிகம். நாட்டின் தொகையில் ஏறத்தாழ 2.4 சதவீதம். குடிசன மதிப்பீட்டாளன் லயத்துக்குச் சென்று தலைகளை எண்ணினான். குடியுரிமை அற்ற தலையும் எண்ணப்பட்டது. ஆகவே தோட்டத் தொழிலாளி மாத்தளை மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடங்களின் தொகையைக் கூட்டினாள். அவ்விடங்களுக்குப் போட்டியிடத் தன் பிள்ளையை அனுப்பும் பாடசாலை அவளுக்கு இருக்கவில்லை. அவளது எண்ணிக்கையாற் கிடைத்த இடம் நகரத்துப் பாடசாலைகளில் உயர்தரம் கற்றவருக்குச் சென்றது. நுவரெலியாவிலும் பதுளையிலும் இது இன்னும் பெரிய அளவில் நிகழ்ந்தது. அவை பின்தங்கிய மாவட்டங்கள் எனப் பட்டியலில் உள்ளமையால் ஓரளவேனும் ஈடு பெற்றன. வெளிமாவட்டத்தார் அங்கு சென்று பதிந்து பரீட்சை எழுதுவது பற்றிய முறைப்பாடுகள் வேறு. பதினாறு மாவட்டங்கள் கொண்ட அப்பட்டியலில் மாத்தளை இல்லை.

மாத்தளை ஏன் இல்லை? சராசரியாலேதான். நகரில் இந்துக் கல்லூரியும் பாக்கியம் வித்தியாலயமும் சாகிராவும் விஜயாவும் புனித தோமஸும் உள்ளன. அவற்றின் பெறுபேறுகளோடு லக்கலையையும் ரத்தோட்டையையும் கூட்டி வகுத்தால் மாவட்டம் நடுத்தரமானதாகத் தோன்றும். இது தமிழர் பிரச்சினை மட்டுமன்று. நக்கிள்ஸ் மலைக்கு அப்பாலுள்ள லக்கலை–பல்லேகமையின் சிங்கள விவசாயியின் மகளும் மாத்தளை நகரத்து வைத்தியரின் மகளும் ஒரே வெட்டுப்புள்ளிக்கே போட்டியிடுகின்றனர். எல்கடுவைத் தோட்டத்துப் பிள்ளையும் லக்கலைப் பிள்ளையும் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் மற்றவரின் இடத்தைப் பறித்ததாகவே அவர்களுக்கு ஐம்பதாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது.

மாவட்டத்தை அலகாகக் கொள்வதைக் கைவிட வேண்டும் என நான் கூறவரவில்லை. திறமை ஒன்றே போதும் என்போரின் திறமை எங்கே உற்பத்தியாகிறது என்பதை 1970க்கு முந்திய வரலாறு காட்டியுள்ளது. அலகு சிறியதாதல் வேண்டும். பிரதேச செயலகப் பிரிவோ கல்விக் கோட்டமோ பாடசாலையோ அலகாகக் கொள்ளப்படின், ஒரு விடைத்தாள் தன்னையொத்த நிலைமைகளில் எழுதப்பட்ட விடைத்தாள்களோடு நிறுக்கப்படும். இதற்கும் இடையூறுகள் உண்டு. அலகு சிறுக்கச் சிறுக்க இடங்களின் எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைந்துவிடும், 2.4 சதவீதத்தைப் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுக்குப் பகிர்ந்தால் ஒரு பிரிவுக்கு மருத்துவபீடத்தில் மிகச் சில இடங்களே கிடைக்கும். இடங்களின் தொகை பெருகாதவரை எந்தச் சூத்திரமும் ஒருவரிடமிருந்து எடுத்தே மற்றொருவருக்குக் கொடுக்கும்.

முன்னர் குறிப்பிட்ட விடைத்தாளை எழுதிய மாணவர், புள்ளிகள் வெளியானபின் என்னைச் சந்தித்தார். 55 ஏன் என்று கேட்கவில்லை. அரைப்பேர் என்பதை அடுத்த முறை எவ்வாறு எழுதவேண்டும் என்றே கேட்டார். அடைப்புக்குறிக்குள் பொருளைத் தரும்படி சொன்னேன். “தோட்டத்தில நிறுக்கிறவங்க படங்குக்கும் தண்ணிக்கும்னு கழிப்பாங்க சேர், இது அந்த மாதிரியா?” என்றார். அவர் ரத்தோட்டைக்குச் செல்லும் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.